தனியார் வங்கிகளின் கணக்கேட்டை அரசு பார்க்கத் தொடங்கிய வரலாறு

ஒரு தனியார் வங்கி தன் உரிமையாளர்களின் பணத்தை மட்டுமே கடனாகக் கொடுத்துவந்தால், அதன் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்க எந்த அரசுக்கும் பெரிய காரணம் இருக்காது. கொடுத்த கடன் திரும்பாவிட்டால் நட்டம் உரிமையாளர்களோடு நின்றுவிடும். ஆனால் வங்கித் தொழில் அப்படி நடப்பதில்லை. வங்கி கடனாகக் கொடுப்பதில் மிகப் பெரும் பகுதி பொதுமக்கள் போட்டுவைத்த பணம். எப்போது கேட்டாலும் திருப்பித் தருவதாக அவர்களிடம் வாக்களித்துவிட்டு, அதே பணத்தைப் பல ஆண்டுகளில் தவணை தவணையாகத் திரும்பவேண்டிய கடன்களாக வங்கி வெளியே அனுப்புகிறது. இந்த இரண்டு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் வங்கியின் இலாபமும் பிறக்கிறது, ஆபத்தும் பிறக்கிறது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஒரு வங்கியின் மொத்தச் சொத்து 100 பங்கு என்று கொள்வோம். அதில் 10 பங்கு ரொக்கம். 90 பங்கு பிறருக்குக் கொடுத்த கடன். இந்த 100 பங்கில் 8 பங்கு உரிமையாளர்கள் போட்ட மூலதனம். 92 பங்கு வைப்பாளர்களுடையது. கடன்களில் 5 பங்கு வராமல் போனால் மூலதனம் 3 பங்காகச் சுருங்கும். வைப்பாளர்களுக்கு இழப்பு இல்லை. 9 பங்கு வராமல் போனால் மூலதனம் முழுதும் அழிந்து, வைப்பாளர்களின் பணத்திலேயே பள்ளம் விழும். இது நொடிப்பு. கடன் ஒன்றுகூடக் கெடாத நிலையிலும் வங்கி விழக்கூடும் என்பதை இதைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டும்: 11 பங்குக்கு உரிய வைப்பாளர்கள் ஒரே நாளில் வந்து நின்றால், கையில் இருப்பது 10 பங்குதான். இது கைப்பணத் தட்டுப்பாடு. அரசுகள் நூற்றாண்டுகளாக இயற்றிய வங்கி விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத் தடுக்க எழுந்தவை.

வைப்பாளர்களே தங்கள் வங்கியைக் கண்காணித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஒரு கடன் நல்லதா கெட்டதா என்பது கடன் வாங்கியவரின் தொழில், அவர் கொடுத்த அடமானம், அவர் இதற்கு முன் தவணை கட்டிய விதம் ஆகியவற்றைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கோப்புகள் வங்கியின் அலமாரிக்குள் இருக்கின்றன, வாடிக்கையாளரின் இரகசியம் கருதி அவை வெளியே வருவதும் இல்லை. உண்மை தெரியாத வைப்பாளருக்கு ஐயம் எழுந்தால், பிறருக்கு முன்னால் போய்ப் பணத்தை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. அவரளவில் அது அறிவுள்ள செயலே. எல்லாரும் அதையே செய்யும்போது நல்ல வங்கியும் விழுகிறது. ஒரு வங்கி விழுந்த செய்தி அடுத்த வங்கியின் வாசலில் வரிசையை உண்டாக்குகிறது. சம்பளம் போடவும் சரக்கு வாங்கவும் பணம் கிடைக்காமல், வங்கியோடு தொடர்பே இல்லாதவர்களின் வேலையும் வருமானமும் இதனால் போகின்றன. அரசு உள்ளே நுழைந்தது இந்தக் காரணத்தால்தான். நுழைந்த விதத்தில் ஓர் ஒழுங்கும் தெரிகிறது: பாதுகாப்புக் கொடுத்த இடத்தில் எல்லாம், கொஞ்ச காலத்துக்குள் அரசு கணக்கேட்டையும் கேட்டிருக்கிறது.

தண்டனையில் தொடங்கிய கண்காணிப்பு

தொடக்ககாலச் சட்டங்கள் வங்கி விழுந்த பிறகு என்ன செய்வது என்பதையே பெரிதும் பேசின. பார்சலோனா நகரத்தில் பணமாற்றுக்காரர்கள் மேசை போட்டு வைப்புத்தொகை வாங்கிவந்த 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிணையாளர்களைக் காட்டியவர்களுக்கு மட்டுமே தங்கள் மேசைமீது துணி விரிக்கும் உரிமை இருந்தது. துணி இல்லாத மேசையில் பணம் போடுபவர், பிணை இல்லாதவரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும் இந்த ஏற்பாட்டை, உரிமம் வழங்கும் முறையின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். நொடித்துப்போன வங்கியாளர் கடனைத் தீர்க்கும்வரை ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே உண்ணவேண்டும் என்று விதித்திருந்த, பார்சலோனா அடங்கிய காட்டலோனியப் பகுதியின் சட்டம், 1321இல் இன்னும் கடுமையாகி, ஓராண்டுக்குள் தீர்க்காதவரின் தலையை வெட்டலாம் என்று சொன்னது. 1360இல் பிரான்செஸ்க் காஸ்தெல்யோ என்ற வங்கியாளருக்கு அந்தத் தண்டனை அவருடைய மேசைக்கு முன்னாலேயே நிறைவேற்றப்பட்டது.

ஆனாலும் வங்கிகள் விழுந்துகொண்டே இருந்தன. தண்டனைக்கு அஞ்சும் வங்கியாளர்கூட, கையிருப்புக் குறையும்போது அதை மறைத்து, அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று நம்பிக் காலத்தை ஓட்டுவார். அந்த மறைப்பைக் கண்டுபிடிக்க அன்று ஆள் இல்லை. பார்சலோனா நகராட்சி 1401இல் தானே ஒரு பொது வங்கியைத் தொடங்கியது. வெனிஸ் நகரத்தில் 1584இல் பிசானி-தியெப்போலோ வங்கி விழுந்தபின், 1587இல் ரியால்தோ சதுக்கத்தில் அரசு வங்கி திறக்கப்பட்டது. தனியாரைக் கண்காணிக்கும் கருவி கையில் இல்லாததால், தனியாருக்குப் பதிலாகத் தானே அந்த வேலையைச் செய்துவிடுவது என்ற முடிவுக்கு அந்த நகரங்கள் வந்தன.

நோட்டும் அரசின் கைம்மாற்றும்

வங்கிகள் காகித நோட்டுகளை வெளியிடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வைப்பாளர் தான் தேர்ந்தெடுத்த வங்கியில் பணம் போடுகிறார். நோட்டோ கைமாறிக் கைமாறி, அந்த வங்கியின் பெயரையே கேள்விப்படாதவரிடமும் போய்ச் சேர்கிறது. சுவீடனில் யோகான் பால்ம்ஸ்ட்ரக் நடத்திய ஸ்டாக்ஹோம் வங்கி 1661இல் ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே, கையிலிருந்த உலோகத்துக்கு மிஞ்சி நோட்டுகளை வெளியிட்டுத் திணறிப்போனது. பால்ம்ஸ்ட்ரக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. அந்த வங்கியின் இடத்தில் 1668இல் சுவீடன் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் உருவான வங்கியே, இன்றுவரை இயங்கும் மத்திய வங்கிகளில் மிகப் பழையது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: அரசு எப்போதும் பொதுநலம் கருதும் நடுநிலையான மேற்பார்வையாளராக மட்டும் வங்கிகளை அணுகியதில்லை. அதற்கும் கடன் தேவைப்பட்டது. 1694இல் பிறந்த இங்கிலாந்து வங்கி, போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த அரசுக்கு 8 சதவிகித வட்டியில் 12 இலட்சம் பவுண்டு கடன் கொடுத்ததற்கு ஈடாகத்தான் தன் சாசனத்தைப் பெற்றது. அதன் சலுகையைக் காப்பதற்காக 1708இல் வந்த சட்டம், நோட்டு வெளியிடும் வேறு எந்த வங்கியிலும் ஆறு பேருக்குமேல் பங்காளிகள் இருக்கக்கூடாது என்றது. ஆறு பேரின் சொத்து ஒரு மாவட்டத்தின் நட்டத்தைத் தாங்காது. 1825இல் நெருக்கடி வந்தபோது இங்கிலாந்தின் ஊர்ப்புற வங்கிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அடுத்த ஆண்டே, இலண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் பெரிய கூட்டுப்பங்கு வங்கிகளை அனுமதிக்கும் சட்டம் வந்தது. அரசு விதித்த கட்டுப்பாடே வங்கிகளை நோஞ்சானாக வைத்திருந்தது என்பதை இந்தத் திருத்தம் ஒப்புக்கொண்டதாகவே நான் கருதுகிறேன்.

பிரதமர் இராபர்ட் பீல் 1844இல் கொண்டுவந்த வங்கிச் சாசனச் சட்டம் புதிய வங்கிகள் நோட்டு வெளியிடுவதைத் தடுத்தது. ஏற்கெனவே வெளியிட்டுவந்தவற்றுக்கு உச்சவரம்பு வைத்தது. ஆனால் வைப்புக்கணக்கையும் காசோலையையும் அது தொடவே இல்லை. நோட்டு மட்டுமே பணம் என்று கருதிய சட்டத்தை மீறாமலேயே வங்கித் தொழில் வைப்பின்மீது வளர்ந்தது. வேலி போட்ட நிலத்தைவிட்டு வேலி இல்லாத நிலத்துக்கு ஆபத்து நகர்வதை இந்த வரலாற்றில் இனியும் பலமுறை பார்ப்போம்.

ஆய்வாளர் வருகிறார்

கணக்கேட்டை நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளர் என்ற பதவி உருவான கதை அமெரிக்காவில்தான் செறிவாகக் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலம் 1829இல் ஒரு பாதுகாப்பு நிதியை ஏற்படுத்தியது. வங்கிகள் ஆண்டுதோறும் அதில் பணம் கட்டவேண்டும். ஒரு வங்கி விழுந்தால், அது பணம் கொடுக்கவேண்டியவர்களுக்கு நிதியிலிருந்து ஈடு கொடுக்கப்படும். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் கொடுக்கவேண்டும் என்றானதும், மற்றவர்களின் சார்பில் ஒவ்வொருவரையும் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அதே சட்டம் மூன்று ஆணையர்களை நியமித்து வங்கிகளை ஆய்வு செய்யச் சொன்னது. 1837இல் தொடங்கிய நெருக்கடியைத் தொடர்ந்து வந்த வீழ்ச்சிகளை அந்த நிதியால் தாங்க முடியவில்லை. ஆனாலும் காப்பீடும் ஆய்வும் ஒரே சட்டத்தில் சேர்ந்து பிறந்தது கவனிக்கத்தக்கது.

மிச்சிகன் மாநிலத்தில் வேறு ஓர் அனுபவம் கிடைத்தது. சட்டம் சொல்லும் நிபந்தனைகளை நிறைவேற்றும் எவரும் வங்கி தொடங்கலாம் என்று 1837இல் அங்கே அறிவித்தார்கள். நோட்டுகளுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு தங்க, வெள்ளி நாணயம் கையிருப்பில் இருக்கவேண்டும். ஆணையர்கள் ஆய்வுக்குப் புறப்பட்டார்கள். ஒரே நாணயப் பெட்டிகள் அவர்களுக்கு முன்னால் ஒரு வங்கியிலிருந்து அடுத்த வங்கிக்கு வண்டியில் பயணம் செய்துகொண்டிருந்தன. சில பெட்டிகளில் மேலே நாணயமும் அடியில் ஆணியும் இருந்தன. விதி எழுதுவதும் விதி நிறைவேறியதா என்று சரிபார்ப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உள்நாட்டுப் போரின் நடுவில், 1863, 1864 ஆண்டுகளின் சட்டங்கள் அமெரிக்காவில் தேசிய வங்கிகளை உருவாக்கின. இங்கும் அரசின் தேவை முன்னால் நின்றது: நோட்டு வெளியிட விரும்பும் வங்கி, ஈடாகக் கூட்டரசின் கடன்பத்திரங்களை வாங்கி ஒப்படைக்கவேண்டும் என்பதால், போர்ச் செலவுக்குக் கடன் திரட்ட ஒரு வழியும் திறந்தது. கூடவே நாணயக் கட்டுப்பாட்டாளர் என்ற அதிகாரியின் அலுவலகமும், முன்னறிவிப்பின்றி வந்து பெட்டகத்தைத் திறக்கச் சொல்லும் ஆய்வாளர்களும் வந்தார்கள். தொடக்கத்தில் வங்கிகள் முன்கூட்டியே தெரிந்த நாள்களில் நிலவர அறிக்கை கொடுத்துவந்தன. அந்த நாள்களில் மட்டும் கணக்கு அழகாக இருந்தது. 1869இல் திருத்தம் வந்தது: ஆண்டுக்கு ஐந்து அறிக்கைகள் வேண்டும், அவற்றில் சிலவற்றுக்கு ஏற்கெனவே கழிந்துபோன ஒரு நாளைக் கட்டுப்பாட்டாளர் குறிப்பிடுவார். கழிந்த நாளின் கையிருப்பை இன்று கடன் வாங்கி நிரப்ப முடியாது. இந்தச் சிறு திருத்தத்தில் தெரியும் அனுபவ அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆய்வாளர் பெட்டகத்தை எண்ணுவதோடு நின்றுவிடுவதில்லை. கடன் கோப்புகளைப் பிரித்து, அடமானத்தின் மதிப்பு உண்மையானதா, தவணை தவறிய கடனுக்குப் புதுக் கடன் கொடுத்துப் பழையதை அடைத்ததாகக் காட்டியிருக்கிறார்களா, இயக்குநர்களின் உறவினர்களுக்கும் நிறுவனங்களுக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார். வங்கி வீழ்ச்சிகளில் உள்ளாளுக்குக் கொடுத்த கடன் திரும்பத் திரும்ப வரும் காரணம். ஆய்வின் முடிவு பெரும்பாலும் இரகசியமாகவே வைக்கப்படுகிறது. இந்த வங்கி பலவீனமாக இருக்கிறது என்று அரசே அறிவித்தால், மறுநாள் அதன் வாசலில் வரிசை நின்றுவிடும் அல்லவா? ஆனால் அந்த இரகசியத்துக்கு ஒரு விலையும் உண்டு: ஆய்வாளர் கண்ட குறையின்மேல் அவருடைய அலுவலகம் நடவடிக்கை எடுக்காமல் இருந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது.

கடைசியில் கடன் கொடுப்பவர்

கைப்பணத் தட்டுப்பாட்டுக்கு ஆய்வு மருந்தாகாது. நல்ல கடன்களை வைத்திருக்கும் வங்கிக்கு, அவற்றின் ஈட்டின்மேல் உடனே பணம் கொடுக்க ஒருவர் தேவை. 1866 மே மாதம் இலண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிறுவனம் சுமார் 110 இலட்சம் பவுண்டு கடனோடு கதவை மூடியது. அதைக் காப்பாற்ற இங்கிலாந்து வங்கி மறுத்தது. ஆனால் மறுநாள் கிளம்பிய பீதியில் மற்ற நிறுவனங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. இந்த அனுபவத்தைப் பொருளியல் எழுத்தாளர் வால்ட்டர் பேஜட் பின்னர் ஒரு கோட்பாடாக வகுத்தார்: பீதிக் காலத்தில் மத்திய வங்கி தயங்காமல் கடன் கொடுக்கவேண்டும், நல்ல ஈட்டின்மேல் கொடுக்கவேண்டும், உயர்ந்த வட்டிக்குக் கொடுக்கவேண்டும். நல்ல ஈடு எது என்று பீதியின் நடுவே சில மணி நேரத்தில் முடிவுசெய்ய வேண்டுமானால், அந்த வங்கியை முன்பே அறிந்திருக்கவேண்டும். கடைசிக் கடன் கொடுப்பவர் கண்காணிப்பாளராகவும் மாறுவதற்கு இந்தத் தேவையே வழி செய்தது.

1878இல் கிளாஸ்கோ நகர வங்கி விழுந்தபோது, அதன் பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு இல்லாததால், பலருடைய குடும்பச் சொத்து முழுவதும் வங்கியின் கடனுக்குப் போனது. அடுத்த ஆண்டின் சட்டம் பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைக்க வழி செய்தது. அந்தச் சலுகைக்குப் பதிலாக, புதிதாக அப்படிப் பதிவுசெய்யும் வங்கிகளுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது.

அமெரிக்காவுக்கு 1907வரை அப்படி ஒரு கடைசிக் கடன் கொடுப்பவர் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் பணம் கொடுப்பதை நிறுத்தியது. டிரஸ்ட் நிறுவனங்கள் வங்கிகளைப் போலவே வைப்பு வாங்கின, ஆனால் தேசிய வங்கிகளுக்கு இருந்த அளவு கையிருப்பு விதி அவற்றுக்கு இல்லை. ஆபத்து அங்கே போய்க் குவிந்திருந்தது. 70 வயதான ஜே. பி. மார்கன் என்ற தனியார் வங்கியாளர், மற்ற வங்கியாளர்களை ஒன்றுகூட்டிப் பணம் திரட்டி நெருக்கடியை அடக்கினார். ஒரு நாட்டின் வங்கிகள் ஒரு தனிமனிதரின் செல்வாக்கை நம்பி நிற்பது எவ்வளவு பேராபத்து என்பதைப் பலரும் உணர்ந்தார்கள். 1913 டிசம்பரில், அமெரிக்காவின் மத்திய வங்கியான கூட்டரசு இருப்பு வங்கி அமைப்புக்கான சட்டம் நிறைவேறியது.

1933 மார்ச்

சட்டம் நிறைவேறி இருபதாண்டுகளுக்குள் அந்த அமைப்பின் கண்முன்னாலேயே அமெரிக்க வங்கிகள் சரிந்தன. 1930 முதல் 1933வரை சுமார் 9,000 வங்கிகள் பணம் கொடுப்பதை நிறுத்தின. இவற்றில் மிகப் பல, ஒரே ஊரையும் ஒரே பயிரையும் நம்பிய சிறு வங்கிகள். கூட்டரசு இருப்பு அமைப்பில் சேராமல் மாநில உரிமத்தோடு இயங்கியவையும் நிறைய. விளைபொருள் விலை விழுந்தபோது விவசாயியின் கடனும், அவருக்குச் சரக்கு விற்றவரின் கடனும், அவ்வூர் நிலத்தின் மதிப்பும் ஒன்றாகவே விழுந்தன.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4ஆம் தேதி குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்று, மார்ச் 6ஆம் தேதி முதல் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடினார். 9ஆம் தேதி நெருக்கடிக்காலச் சட்டம் வந்தது. 12ஆம் தேதி இரவு வானொலியில் பேசிய அவர், வங்கி எப்படி இயங்குகிறது, ஏன் மூடினோம், எந்த வங்கிகள் எப்போது திறக்கும் என்பதை எளிய சொற்களில் மக்களுக்கு விளக்கினார். 13ஆம் தேதி முதல், கணக்குப் பார்த்து உரிமம் அளிக்கப்பட்ட வங்கிகள் மட்டும் படிப்படியாகத் திறந்தன. எடுத்துக்கொண்டுபோன பணத்தைத் திரும்பப் போட மக்கள் வரிசையில் நின்றார்கள். வைப்பாளருக்கு ஒருபோதும் கிடைக்காத தகவலை, அதாவது எந்த வங்கி நல்லது என்பதை, அரசு ஒரே வாரத்தில் தன் பொறுப்பில் அறிவித்தது. ஆய்வு அவசரமாக நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மக்களுக்குத் தேவைப்பட்டது, தங்கள் சார்பில் யாரோ ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டார் என்ற உறுதி.

அந்த ஆண்டு ஜூனில் வந்த வங்கிச் சட்டம் வைப்புக் காப்பீட்டுக் கழகத்தை நிறுவியது. ரூஸ்வெல்ட்டே முதலில் இந்தக் காப்பீட்டை விரும்பவில்லை. மோசமாக நடத்தப்படும் வங்கியின் சுமை நன்றாக நடத்தப்படும் வங்கியின்மேல் விழும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1934 தொடக்கத்தில் ஒரு வைப்பாளருக்கு 2,500 டாலர்வரை காப்பீடு இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் காப்பீடு பெற்ற வங்கிகளில் விழுந்தவை 9 மட்டுமே. அதே சட்டம், வைப்பு வாங்கும் வங்கி பங்குகளையும் பத்திரங்களையும் வெளியிட்டு விற்கும் தொழிலில் இறங்கக்கூடாது என்றும் பிரித்தது. இந்தப் பிரிவினையின் எஞ்சிய முக்கிய விதிகள் 1999இல் நீக்கப்பட்டன.

எதிர்ப்பாளர்களின் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. காப்பீடு இருக்கும்போது வைப்பாளர் தன் வங்கி நல்லதா என்று பார்ப்பதை விட்டுவிடுகிறார். வங்கியும் மற்றவர் பொறுப்பில் துணிந்து ஆபத்தை ஏற்கலாம். அமெரிக்காவில் 1980இல் காப்பீட்டு வரம்பு 1,00,000 டாலராக உயர்ந்தது. அதே காலத்தில், மக்களின் சேமிப்பை வாங்கி வீட்டுக்கடன் கொடுக்கும் சேமிப்பு-கடன் சங்கங்கள்மீதான விதிகள் தளர்ந்தன. நொடித்துப்போன சங்கங்கள் மூடப்படாமல், இழந்ததை மீட்கும் ஆசையில் இன்னும் ஆபத்தான கடன்களைக் கொடுத்தன. அவற்றைத் தீர்த்து முடித்தபோது வரிசெலுத்துவோர்மேல் விழுந்த சுமை சுமார் 12,400 கோடி டாலர். பாதுகாப்பை உயர்த்திக் கண்காணிப்பைத் தாழ்த்தினால் என்ன நடக்கும் என்பதை இந்த ஒரு நிகழ்வு போதிய அளவு காட்டுகிறது. 1991இல் வந்த சட்டம், மூலதனம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது அதிகாரிகள் கட்டாயம் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றது. அதுவரை அது பெரும்பாலும் அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது.

1930களின் நெருக்கடி ஐரோப்பாவிலும் இதே பாதையைத் திறந்தது. 1931 மே மாதம் வியன்னாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி தடுமாறியது. ஜூலையில் ஜெர்மனியின் டனாட் வங்கி மூடியது. ஜெர்மனி 1934இலும் பெல்ஜியம் 1935இலும் இத்தாலி 1936இலும் வங்கிக் கண்காணிப்புக்குச் சட்டம் இயற்றின. சில நாடுகள் போருக்குப் பின் இன்னும் ஒரு படி போய் வங்கிகளையே எடுத்துக்கொண்டன: பிரான்ஸ் 1945 டிசம்பரில் மத்திய வங்கியோடு நான்கு பெரிய வைப்பு வங்கிகளை நாட்டுடைமையாக்கியது, இந்தியா 1969இல் 14 வங்கிகளை எடுத்துக்கொண்டது. உடைமையே அரசிடம் வந்துவிட்டபின் கண்காணிப்பின் தேவை குறையும் என்று தோன்றலாம். உண்மையில் கடன் கொடுக்கச் சொல்பவரும் கடன் நல்லதா என்று பார்ப்பவரும் ஒருவரே ஆகிவிடுவதால், அங்கே தனி ஆய்வாளரின் தேவை கூடுகிறது என்பது என் கருத்து.

பிரிட்டன் மட்டும் நெடுங்காலம் எழுதாத முறையிலேயே நடந்தது. இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் முகம் சுளித்தால் போதும், இலண்டன் வங்கியாளர்கள் வழிக்கு வருவார்கள் என்று கருதப்பட்டது. 1973 முடிவில் இரண்டாம்நிலை வங்கிகள் என்று அழைக்கப்பட்ட, அந்தப் பழக்க வட்டத்துக்கு வெளியே வளர்ந்த நிறுவனங்கள் வரிசையாகச் சாய்ந்தபோது, சுளிப்பு எட்டாத இடம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பது தெரிந்தது. 1979இல்தான் அங்கே வைப்பு வாங்கும் தொழிலுக்கு முறையான உரிமச் சட்டம் வந்தது.

எல்லை தாண்டிய வங்கிகள்

1974 ஜூன் 26ஆம் தேதி, கொலோன் நகரத்தின் ஹெர்ஸ்டாட் வங்கியை ஜெர்மானிய அதிகாரிகள் மாலையில் மூடினார்கள். அன்று அந்த வங்கியோடு அந்நியச் செலாவணி மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்திருந்தவர்கள் ஜெர்மன் மார்க்கைக் காலையிலேயே செலுத்திவிட்டார்கள். பதிலுக்கு வரவேண்டிய டாலர், நியூயார்க்கில் இன்னும் பட்டுவாடா ஆகவில்லை. நேர வேறுபாட்டின் இடைவெளியில் அவர்களுடைய பணம் நின்றுபோனது. ஒரு நாட்டின் அதிகாரி தன் நாட்டுச் சட்டப்படி சரியாகச் செய்த செயல், வேறு நாடுகளின் வங்கிகளுக்கு நட்டமாக முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்துப் பெரிய தொழில்நாடுகள் கொண்ட குழுவின் மத்திய வங்கி ஆளுநர்கள், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் வங்கிக் கண்காணிப்புக்கான குழுவை அமைத்தார்கள்.

பேசல் குழுவுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை; அது வகுக்கும் அளவுகோலை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. 1988இல் அது வகுத்த உடன்பாட்டின் மையம் எளிது: வங்கி தன் சொத்துகளை ஆபத்தின் அளவுக்கேற்ப எடைபோட்டு, அந்தக் கூட்டுத்தொகையில் குறைந்தது 8 சதவிகிதம் மூலதனம் வைத்திருக்கவேண்டும். வளர்ந்த நாடுகளின் அரசுகளுக்குக் கொடுத்த கடனுக்கு எடை பூஜ்யம். வீட்டு அடமானக் கடனுக்கு 50 சதவிகிதம். தொழில் நிறுவனத்துக்குக் கொடுத்த கடனுக்கு 100 சதவிகிதம். தொழில் நிறுவனத்துக்கு 100 கொடுத்தால் 8 வைக்கவேண்டும்; வீட்டுக்கடனாக 100 கொடுத்தால் 4 போதும்; அரசுக்கு 100 கொடுத்தால் ஒன்றும் வேண்டாம். விதியை எழுதும் அரசுகளே தங்களுக்குக் கொடுக்கும் கடனுக்குப் பூஜ்ய எடை வைத்துக்கொண்டதில், 1694இன் பழைய உறவு இன்னும் தொடர்வதைக் காணலாம்.

எடை குறைந்த சொத்துகளை நோக்கி வங்கிகள் நகர்ந்தன. கடன்களை மூட்டையாகக் கட்டிப் பத்திரமாக்கி விற்றன. சிலவற்றைத் தங்கள் கணக்கேட்டுக்கு வெளியே தனி அமைப்புகளில் வைத்தன. 2004இன் இரண்டாம் பேசல் உடன்பாடு, பெரிய வங்கிகள் தங்கள் சொந்தக் கணக்கீட்டு முறையால் ஆபத்தை அளந்துகொள்ள அனுமதித்தது. பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்கு 2007 ஜூன் இறுதியில் அந்த அனுமதி கிடைத்தது. மூலதன விதிப்படி அதில் குறை இல்லை. ஆனால் அதன் நிதியில் சுமார் கால் பங்கே பொதுமக்களின் வைப்பு; மிச்சத்தின் பெரும்பகுதியைச் சந்தையில் திரட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் சந்தை உறைந்தது. செப்டம்பர் 14ஆம் தேதி கிளைகளின் முன் வரிசை நின்றது. அன்றைய காப்பீடு முதல் 2,000 பவுண்டுக்கு மட்டுமே முழுமையானது. அதற்குமேல் 33,000 பவுண்டுக்கு 90 சதவிகிதம்தான் கிடைக்கும் என்பதால், வரிசையில் நின்றவர்களைக் குறைசொல்ல இடமில்லை. மூன்று நாள்களில் அரசு முழு உறுதி கொடுத்த பின்னரே வரிசை கலைந்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி விழுந்த அமெரிக்க நிதி நிறுவனமான லேமன் பிரதர்ஸ், பொதுமக்களிடம் சேமிப்பு வாங்கும் வங்கியாக இயங்கியதன்று. ஆனால் குறுகிய காலக் கடன் வாங்கி நீண்ட காலச் சொத்தில் போட்டதில் அது வங்கியைப் போலவே இயங்கியது. 1907இன் டிரஸ்ட் நிறுவனங்களைப் போல, வங்கிகளுக்கான கண்காணிப்பு வட்டத்துக்கு வெளியே நின்றது. 2010இல் வந்த மூன்றாம் பேசல் உடன்பாடு மூலதனம், கைப்பணம் ஆகிய இரண்டிலும் இருந்த ஓட்டைகளை அடைக்க முயன்றது. ஆபத்துக்கேற்ப எடைபோட்ட சொத்தில் 4.5 சதவிகிதம் பங்குதாரர்களின் தூய மூலதனமாகவும், அதன்மேல் 2.5 சதவிகிதம் நட்டத்தைத் தாங்கும் காப்பாகவும் வேண்டும் என்றது. எடைபோடாத மொத்தச் சொத்துக்கும் 3 சதவிகித மூலதனம் என்று அடித்தளம் ஒன்றை வைத்தது. 30 நாள் கடும் பணவெளியேற்றத்தைத் தாங்கும் அளவுக்கு உடனே பணமாக்கத்தக்க சொத்துகளைக் கையில் வைத்திருக்கச் சொன்னது. கைப்பணத் தட்டுப்பாட்டுக்கு உலக அளவில் ஓர் எண்ணளவுகோல் வகுக்கப்பட்டது இதுவே முதல் முறை.

2023இன் சோதனை

அமெரிக்காவில் 2010இன் சீர்திருத்தச் சட்டம், 5,000 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துள்ள வங்கிகளைக் கடுமையான கண்காணிப்பில் வைத்தது. 2018இல் அந்த எல்லை 25,000 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியின் சொத்து 2022 முடிவில் சுமார் 20,900 கோடி டாலர். அதன் வைப்புகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் 2,50,000 டாலர் என்ற காப்பீட்டு வரம்பைத் தாண்டியவை. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை நீண்டகால அரசுப் பத்திரங்களிலும் அடமானப் பத்திரங்களிலும் அது போட்டிருந்தது. திரும்பி வராத கடன் என்ற ஆபத்து அவற்றில் அநேகமாக இல்லை. ஆனால் வட்டி விகிதம் ஏறியபோது, குறைந்த வட்டி தரும் பழைய பத்திரங்களின் சந்தை விலை இறங்கியது. 2023 மார்ச் 8ஆம் தேதி, 180 கோடி டாலர் நட்டத்தில் பத்திரங்களை விற்றதாக வங்கி அறிவித்தது. மறுநாள் வைப்பாளர்கள் 4,200 கோடி டாலரை எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் 10,000 கோடி டாலருக்குக் கோரிக்கைகள் காத்திருந்தன. அன்று காலை அதிகாரிகள் வங்கியை மூடினார்கள்.

காப்பீட்டு வரம்பைத் தாண்டியவற்றையும் சேர்த்து எல்லா வைப்புகளும் முழுமையாகத் திருப்பித் தரப்படும் என்று இரண்டு நாள்களில் அரசு அறிவித்தது. 30 நாளைக் கணக்கில் வைத்து எழுதிய விதி இந்த வங்கிக்கு அன்று பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும், வைப்பில் கால் பங்கு ஒரே நாளில் கைப்பேசி வழியாக வெளியேறும் வேகத்தை அந்த விதி எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று. கண்காணிப்பாளர்கள் எதையும் காணவில்லை என்றும் சொல்ல முடியாது. கூட்டரசு இருப்பு அமைப்பு தானே நடத்திய ஆய்வை ஏப்ரல் 28ஆம் தேதி வெளியிட்டது. வங்கி மூடப்பட்டபோது, ஆய்வாளர்கள் எழுதிவைத்த 31 குறைகள் அதன்மேல் தீர்க்கப்படாமல் நிலுவையில் இருந்தன. அதையொத்த மற்ற வங்கிகளின்மேல் இருந்ததைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. கண்ட குறைகளைப் போதிய விரைவிலும் வலுவிலும் சரிசெய்ய வைக்கவில்லை என்று அந்த அறிக்கை தன் அதிகாரிகளைப் பற்றி ஒப்புக்கொண்டது. கோப்பில் எழுதிய குறைக்கும் வங்கி எடுக்கவேண்டிய நடவடிக்கைக்கும் இடையே எத்தனை நாள் அனுமதிக்கலாம், அந்த நாள்களில் வைப்பாளருக்கு எவ்வளவு சொல்லலாம் என்பவற்றுக்கு எந்த நாட்டின் சட்டமும் இன்னும் நிறைவான விடை தரவில்லை.